இரண்டு மேசைகளும் ஒரு பகடையும்

மதுரைக்கு நள்ளிரவில் வந்து இறங்குபவர் எவரும் பசியோடு படுக்க வேண்டியதில்லை. எந்தத் தெருமுனையிலாவது ஓர் இட்லிக் கடை விழித்திருக்கும். அடுத்த முறை அப்படி ஒரு கடையில் நிற்க நேர்ந்தால், சட்னியை மட்டும் பார்க்காமல் அடுப்பையும் சற்றுப் பாருங்கள். அங்கே இரண்டு இட்லிக் கொப்பரைகள் இருக்கும். ஒன்றில் மாவு வெந்துகொண்டிருக்கும். அதே நேரத்தில் அந்த அம்மா மற்றொன்றின் தட்டில் துணி விரித்து, வெந்ததை எடுத்து, புது மாவு ஊற்றிக்கொண்டிருப்பார். இட்லி வேகும் நேரத்தை அவரால் ஒரு நொடிகூடக் குறைக்க முடியாது. அது நீராவியின் வேலை. ஆனால் அடுப்பு சும்மா இருக்கும் நேரத்தை அவர் ஏறத்தாழ ஒழித்துவிட்டார்.

உற்பத்திப் பெருக்கம் என்ற பெரிய சொல்லின் சாரம் முழுவதும் இந்த அடுப்படியில் இருக்கிறது. இதே சூத்திரத்தைக் கொண்டு மதுரை அண்ணா நகரில் ஒரு கண் மருத்துவமனை லட்சக்கணக்கானோருக்குப் பார்வை அளித்த வரலாற்றையும், அதனுள் ஒளிந்திருக்கும் கணக்கையும் இக்கட்டுரையில் காண்போம். கணக்குக்கு உங்களுக்குத் தேவையானது ஓர் ஆறுமுகப் பகடை மட்டுமே.

கடிகாரத்தோடு வந்தவர்

முதலில் ஒரு மனக்குறையைச் சொல்லிவிடுகிறேன். என் தந்தை ஒரு நூற்பாலையில் சைடராக இருந்தார். பஞ்சை நூலாக முறுக்கும் ஸ்பின்னிங் எந்திரங்களின் வரிசைகளுக்கிடையே நடந்துகொண்டே இருப்பதும், அறுந்த இழைகளைக் கூட்டுவதும் அவர் வேலை. ஒரு நாள் நிறுத்துகடிகாரத்துடன் ஒருவர் வந்து பின்னால் நின்றாராம். சில வாரங்களில் ஆளுக்கு இத்தனை என்றிருந்த எந்திரங்களின் எண்ணிக்கை கூடியது. 'உற்பத்தித் திறன் கூடிவிட்டது' என்று பலகையில் எழுதினார்கள். எங்கள் வீட்டிலோ அதன் பொருள், இரவில் அப்பாவின் காலுக்குத் தைலம் தேய்ப்பது என்பதுதான்.

ஆகவே உற்பத்தித் திறன் என்ற சொல்லைக் கேட்டால் ஆலைத் தெருப் பிள்ளைகளுக்கு ஐயம் எழுவது இயல்பே. வேலையைக் கூட்டுவதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, வேலை செய்பவரை விரைவுபடுத்துவது. மற்றொன்று, வேலை செல்லும் பாதையை மாற்றுவது. முதல் வழியில் கால் வலிக்கும். இரண்டாம் வழியில் மூளைக்குத்தான் வேலை.

பஞ்சாலையில் பிறந்த கணக்கு

மதுரைக்கு ஆலை புதிதல்ல. முதியோர் 'ஹார்வி மில்' என்று இன்றும் குறிப்பிடும் மதுரை ஆலை 1892இல் தோன்றியது. ஆனால் ஆலையின் ஓட்டத்தைக் கணிதத்தால் அளக்கும் முயற்சி இருபதாம் நூற்றாண்டைச் சேர்ந்தது.

டென்மார்க்கின் எர்லாங், தொலைபேசி நிலையத்தில் அழைப்புகள் எப்படி வரிசையில் காத்திருக்கின்றன என்பது பற்றி 1909இல் ஒரு கட்டுரை எழுதினார். வரிசைக் கோட்பாடு அதிலிருந்து வளர்ந்தது. தொலைபேசிக்கும் நூற்பாலைக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். ஒரு தொழிலாளி பல எந்திரங்களைப் பார்க்கிறார். இரண்டு எந்திரங்கள் ஒரே நேரத்தில் நின்றுவிட்டால், ஒன்றைச் சரிசெய்யும் வரை மற்றொன்று காத்திருக்கத்தான் வேண்டும். ஆக, அறுந்த இழையும் ஓர் 'அழைப்பு'தான்!

இங்கிலாந்தின் மான்செஸ்டரில் பருத்தித் தொழில் ஆராய்ச்சி நிலையம் ஒன்று இருந்தது. ஷிர்லி நிலையம் என்று பெயர். அங்கே பணியாற்றிய புள்ளியியல் அறிஞர் டிப்பெட் இரண்டு அரிய காரியங்கள் செய்தார். 1930களில், கடிகாரத்துடன் தொழிலாளியின் பின்னால் நிற்பதற்குப் பதிலாக வேறொரு வழி கண்டார். தறிக்கூடத்தில் அவ்வப்போது நடந்துசென்று, ஒவ்வொரு தறியையும் ஒரு கணம் மட்டும் பார்ப்பது. ஓடுகிறதா, நிற்கிறதா, நின்றால் ஏன் நிற்கிறது என்று குறித்துக்கொள்வது. ஆயிரம் பார்வைகளில் எண்பதில் தறி நின்றிருந்தால், நேரத்தில் ஏறக்குறைய நூற்றுக்கு எட்டுப் பங்கு வீணாகிறது என்று கொள்ளலாம். யாருடைய கையையும் காலையும் அளக்கவில்லை; வேலையின் ஓட்டத்தைத்தான் அளந்தார்.

டிப்பெட்டின் மற்றொரு பணி அதற்கும் முந்தையது. மக்கள்தொகைக் கணக்கு அறிக்கைகளிலிருந்து இலக்கங்களை எடுத்து, எவ்வித ஒழுங்கும் இல்லாத 41,600 இலக்கங்கள் கொண்ட அட்டவணையை 1927இல் வெளியிட்டார். ஒழுங்கில்லாத எண்களால் என்ன பயன்? பகடை உருட்டாமலே பகடை உருட்டலாம்! இப்பயனின் முழு மதிப்பும் கணிப்பொறி வந்த பிறகே வெளிப்பட்டது.

ஓய்வு பெற்ற டாக்டரின் கேள்வி

இனி மதுரைக்குத் திரும்புவோம். டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 1918இல் எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரம் என்ற சிற்றூரில் பிறந்தவர். மருத்துவப் பட்டம் பெற்று ராணுவத்தில் சேர்ந்தார். இளமையிலேயே கடுமையான முடக்குவாதம் அவரைப் படுக்கையில் தள்ளியது, விரல்கள் கோணிப்போயின. அந்த விரல்களுக்கு ஏற்றபடி கருவிகளைப் பிடிக்கப் பழகி, கண் அறுவையில் தேர்ந்தார். மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவத் துறைக்குத் தலைமை தாங்கினார். கிராமங்களில் கண் முகாம்கள் நடத்தினார். 1976இல், 58ஆம் வயதில் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார்.

நம் நாட்டில் பார்வை இழந்தோரில் பெரும்பாலோர்க்கு அன்று காரணம் கண்புரை. விழியின் வில்லை நாளடைவில் வெண்மை படர்ந்து, ஒளியை உள்ளே விடாமல் சிதறடிக்கிறது. மருந்தால் தீராது, அறுவையால் தீரும். தடுப்புத் திட்டம் ஒன்றை மத்திய அரசு தொடங்கியதும் அதே 1976இல்தான். நோய் தெரியும், மருத்துவமும் தெரியும். ஆனால் கண் மருத்துவர்கள் குறைவு, நோயாளிகளோ மிகுதி. இது மருத்துவக் கேள்வி அல்ல, ஆலைக் கேள்வி! கிடைத்தற்கரிய ஒரு வளத்தை, அதாவது அறுவை செய்யும் கையின் நேரத்தை, ஒரு நிமிடமும் வீணாக்காமல் எப்படிப் பயன்படுத்துவது?

அந்த ஆண்டு 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனை தொடங்கியது. அவருடைய தங்கை டாக்டர் நாச்சியார், மைத்துனர் டாக்டர் நம்பெருமாள்சாமி முதலான குடும்பத்தினரே முதல் மருத்துவர் குழு. அமெரிக்கா சென்றிருந்தபோது வெங்கடசாமியை ஈர்த்தது அங்கிருந்த மெக்டொனால்ட்ஸ் உணவுக் கடை என்பது பலரும் அறிந்த செய்தி. எந்தக் கிளைக்குப் போனாலும் ஒரே முறை, ஒரே தரம். அதற்கும் முன்னோடி ஃபோர்டு. 1913இல் அவருடைய தொழிற்சாலையில் கார் நகர, ஆட்கள் நிலையாக நின்றார்கள். சேசிஸ் ஒன்றைப் பூட்ட ஆன பன்னிரண்டரை மணி நேரம், அடுத்த ஆண்டுக்குள் 93 நிமிடமாகச் சுருங்கியது.

அறுவைக் கூடத்தில் நடந்தது என்ன? ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசைகள் பக்கம் பக்கமாகப் போடப்பட்டன. ஒன்றில் அறுவை நடக்கையில், மற்றொன்றில் அடுத்த நோயாளியைச் செவிலியர் ஆயத்தப்படுத்துவார்கள். முதல் அறுவை முடிந்ததும் மருத்துவர் நுண்ணோக்கியை அடுத்த மேசைப் பக்கம் திருப்புவார். அவ்வளவுதான். மரத்துப்போகும் ஊசியைப் போடுவது கூடத்துக்கு வெளியிலேயே முடிந்துவிடும். ஒன்றைக் கிருமிநீக்கம் செய்யும்போது மற்றொன்று கைக்கு வரும்படி, கருவிகள் பல தொகுதிகளாக வைக்கப்பட்டன. மருத்துவர் மட்டுமே செய்யக்கூடியதை மருத்துவர் செய்தார். மற்றவற்றைச் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து வந்து, இரண்டாண்டுப் பயிற்சி பெற்ற இளம்பெண்கள் செய்தார்கள். அதுதான் இட்லிக் கடையின் இரண்டாம் கொப்பரை!

பகடையை உருட்டுவோம்

இப்போது கணக்கைப் பார்ப்போம். கீழே வரும் நிமிடங்கள் நாமே கணக்குக்காகக் கொண்டவை. மருத்துவமனையின் அளவுகள் அல்ல.

அறுவைக்கு 10 நிமிடம், மேசையை ஆயத்தப்படுத்த 10 நிமிடம் என்று கொள்வோம். ஒரே மேசை என்றால் ஒருவருக்கு 20 நிமிடம். 300 நிமிடத்தில் 15 பேர். இரண்டு மேசை என்றால் ஒருவருக்கு 10 நிமிடம், 30 பேர். மருத்துவரின் கை ஒரு நொடியும் விரைந்து ஓடவில்லை என்பதைக் கவனியுங்கள். அவர் சும்மா நின்ற நேரம்தான் மறைந்தது.

ஆனால் உலகம் இவ்வளவு சீரானதா? ஒரு கண் எளிது, ஒரு கண் கடினம். ஒருவர் சொன்னபடி படுப்பார், மற்றொருவர் அஞ்சி எழுந்துவிடுவார். இந்தச் சீரின்மையைப் பகடையால் பாவனை செய்யலாம். அறுவை நேரத்துக்கு ஒரு முறை உருட்டி, விழுந்த எண்ணுடன் 6 கூட்டுங்கள். ஆயத்த நேரத்துக்கு மறுமுறை உருட்டி, அதனுடனும் 6 கூட்டுங்கள். இரண்டும் 7 முதல் 12 நிமிடம் வரை மாறும். சராசரி ஒன்பதரை நிமிடம். இரண்டில் எது நீண்டதோ, அதுவரை மற்றவர் காத்திருக்க வேண்டும்.

பத்து நோயாளிகளுக்கு இப்படி விழுந்ததாகக் கொள்வோம். அறுவைக்கு: 3, 6, 1, 4, 2, 5, 6, 2, 1, 5. ஆயத்தத்துக்கு: 5, 2, 4, 4, 6, 1, 3, 2, 5, 3. கூட்டிப் பாருங்கள், இரண்டு வரிசைக்கும் 35தான் வரும். பத்து பேருக்கும் 6 நிமிடம் வீதம் 60 சேர்த்தால் 95 நிமிடத்தில் வேலை முடிய வேண்டும். ஆனால் ஒவ்வொரு சோடியிலும் பெரிய எண்ணை எடுங்கள்: 5, 6, 4, 4, 6, 5, 6, 2, 5, 5. கூட்டினால் 48, மொத்தம் 108 நிமிடம். பதின்மூன்று நிமிடம் எங்கே போயிற்று? யாரும் சோம்பியிருக்கவில்லை. சராசரி சமமாக இருந்தும், சீரின்மை அதை விழுங்கிவிட்டது.

இரு பகடைகளுக்கும் 36 விதமான சோடிகள் உண்டு. அவை எல்லாவற்றையும் எழுதிச் சராசரி கண்டால், மருத்துவர் ஒவ்வொரு நோயாளிக்கும் காத்திருப்பது 35/36 நிமிடம், அதாவது ஏறக்குறைய 58 நொடி. சராசரியை மட்டும் நம்பியவர் 300 நிமிடத்தில் 31 பேர் என்பார். பகடை 28 பேர் என்கிறது.

இதை எப்படி மீட்பது? மருத்துவரை விரட்டலாம்; அது ஆபத்து. செவிலியரை விரட்டலாம், அது என் தந்தையின் கால் வலி. மூன்றாவது வழி ஒன்று உண்டு. ஆயத்த வேலையில் இரண்டு நிமிடம் பிடிக்கும் ஏதேனும் ஒரு படியை முந்தைய அறைக்கு மாற்றுங்கள். இப்போது ஆயத்தத்துக்குப் பகடை எண்ணுடன் 6க்குப் பதில் 4 கூட்டினால் போதும். மறுபடியும் 36 சோடிகளைக் கணக்கிடுங்கள். மருத்துவரின் காத்திருப்பு 58 நொடியிலிருந்து ஏறக்குறைய 17 நொடியாகச் சரிகிறது! நாளுக்கு 28 பேர் என்பது 30 பேர் ஆகிறது. ஆண்டில் 250 வேலை நாள் என்றால், 500 பேர் ஒரு மருத்துவரால் கூடுதலாகப் பார்வை பெறுவர். அதற்காகக் கூடத்தில் எவரும் வேகமாக ஓடவில்லை.

பகடையிலிருந்து கணிப்பொறிக்கு

நீங்கள் இப்போது செய்ததன் பெயர்தான் 'சிமுலேஷன்'. நடக்கப்போவதைத் தாளில் நடத்திப் பார்க்கும் பாவனை. நிஜ அறுவைக் கூடத்தில் மேசைகளை மாற்றிச் சோதிப்பதென்றால் நோயாளியின் கண்தான் பணயம். தாளில் தவறினால் தாள்தான் வீண்.

1946இல் நோயிலிருந்து தேறிவந்த கணித அறிஞர் உலாம், சீட்டுக்கட்டில் தனியாட்டம் ஆடிக்கொண்டிருந்தார். ஆட்டம் வெற்றி பெறும் வாய்ப்பைச் சூத்திரத்தால் காண்பதைவிட, நூறு முறை ஆடி எண்ணிப்பார்ப்பது எளிது என்று அவருக்குத் தோன்றியது. வான் நாய்மனுடன் சேர்ந்து அதை அணுக்கருத் துகள்களின் ஓட்டத்துக்குப் பயன்படுத்தினார். எனியாக் கணிப்பொறி அந்த எண்ணற்ற 'ஆட்டங்களை' ஆடியது. சூதாட்ட நகரின் பெயரால் அம்முறை மாண்டி கார்லோ எனப்பட்டது. 1950களின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் எஃகு ஆலைகளுக்காக டோச்சர் என்பவர் பொதுவான பாவனை நிரல் ஒன்றை எழுதினார். 1961இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் கார்டன் என்பவர் இதற்கென்றே ஒரு நிரல்மொழி படைத்தார். சென்னை ஐ.ஐ.டி.யில் 1973இல் நிறுவப்பட்ட ஐ.பி.எம். 370 எந்திரத்துக்குத் துளையிட்ட அட்டைகளால்தான் கணக்கைச் சொல்ல வேண்டும். இன்று உங்கள் சட்டைப் பையிலுள்ள கைப்பேசி, நம் பகடை ஆட்டத்தை ஒரு லட்சம் முறை நொடிகளில் ஆடிவிடும்.

வில்லையும் ஓர் ஆலையும்

மேசைகளின் இடையே ஓட்டம் சீரானதும், அடைப்பு வேறு இடத்துக்கு நகர்ந்தது. ஓட்டத்தின் இயல்பே அதுதான். ஓர் இறுக்கத்தைத் தளர்த்தினால் அடுத்தது தெரியும். புரை வில்லையை எடுத்துவிட்டுத் தடித்த கண்ணாடி போட்டுவிடுவது பழைய முறை. ஏறத்தாழ 10 டயாப்டர் திறனுள்ள அக்கண்ணாடி பொருள்களைக் கால் பங்குக்கு மேல் பெரிதாக்கிக் காட்டும். பக்கப் பார்வை குன்றும். உடைந்தால் மீண்டும் இருட்டு. கண்ணுக்குள்ளேயே செயற்கை வில்லை பொருத்தும் முறையை 1949இல் லண்டனில் ஹெரால்டு ரிட்லி தொடங்கினார். போர் விமானங்களின் பிளாஸ்டிக் கூரைச் சிதறல்கள் விமானிகளின் கண்ணில் தைத்தும் அழற்சி உண்டாக்காததைக் கண்டதே அவருக்குத் தூண்டுதல்.

ஆனால் 1980களில் இறக்குமதி வில்லை ஒன்றின் விலை நூறு டாலரை ஒட்டியிருந்தது. ஏழைக்கு அது எட்டாக் கனி. எனவே 1992இல் மதுரையில் ஆரோலேப் தொடங்கியது. வில்லையின் விலை பத்து டாலருக்கும் கீழே இறங்கியது. பின்னர் வீரபாஞ்சானுக்கு இடம்பெயர்ந்த அந்த ஆலையின் வில்லைகள் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குச் செல்கின்றன.

பகடையில் இல்லாதவை

இவ்வளவு விரைந்தால் தரம் கெடாதா என்று நீங்கள் கேட்க வேண்டும், கேட்பதுதான் அறிவியல். பல மேலை நாடுகளில் ஒரே கூடத்தில் இரு நோயாளிகளை வைக்க விதிகள் இடம் தருவதில்லை. அரவிந்த் மருத்துவமனையின் 42 ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொடர் அறுவைகளை ஆராய்ந்த கட்டுரை 2009இல் வெளியாயிற்று. கண்ணுக்குள் சீழ்த்தொற்று ஏற்பட்டது ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவாகவே. ஒரே வேலையை ஒரே முறையில் நாளும் செய்பவர் கை தேர்கிறது. பிழை நேர்ந்தால் ஏட்டில் பதிந்து காரணம் தேட முடிகிறது.

எனினும் பாவனைக்கு ஓர் எல்லை உண்டு. நாம் உள்ளே போட்டதையே அது திருப்பித் தரும். பகடைக்குக் களைப்பில்லை, மாலையிலும் காலையைப் போலவே உருளும். செவிலியர் அப்படியல்லர். கூடத்தின் பகடைக் கணக்கில் நோயாளி எப்போதும் வாசலில் ஆயத்தமாக நிற்கிறார். உண்மையிலோ, அறுவை இலவசம் என்று சொல்லியும் பல முதியோர் வரவில்லை. பஸ் கட்டணம் வேண்டும், சாப்பாட்டுச் செலவு வேண்டும், கூட வருபவரின் ஒரு நாள் கூலி போகும். இதை எந்தக் கணிப்பொறியும் சொல்லவில்லை. முகாமில் போய்க் கேட்டபோது அவர்களே சொன்னார்கள். பிறகுதான் வண்டியும் உணவும் திட்டத்தில் சேர்ந்தன. எனக்கு இந்த வரலாற்றிலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான்.

என் தந்தையின் பின்னால் நின்றவர் கடிகாரத்தைப் பார்த்தார். 'உங்கள் எந்திரம் ஏன் நிற்கிறது?' என்று அவரைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால், இழை அறுவதற்குக் காரணம் கூடத்தின் வறண்ட காற்றா, மட்டமான பஞ்சா என்று அவரே சொல்லியிருப்பார். அறுபடும் இழைகள் குறைந்தால், நடக்காமலே உற்பத்தி கூடியிருக்கும்.

வெங்கடசாமி 2006இல் மறைந்தார். 11 படுக்கைகளில் தொடங்கிய நிறுவனம் இன்று ஆண்டுதோறும் லட்சக்கணக்கான அறுவைகளைச் செய்கிறது. அவற்றில் பெரும்பங்கு இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ நடக்கிறது.

மாணவ நண்பர்களே, உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். உங்கள் ஊர் ரேஷன் கடை வரிசையில் ஒரு மணி நேரம் நின்று, டிப்பெட்டைப் போல அவ்வப்போது ஒரு பார்வை பாருங்கள். எடை போடுபவர் பில் போடுபவருக்காகக் காத்திருக்கிறாரா, பில் போடுபவர் எடைக்காகக் காத்திருக்கிறாரா? குறித்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து பகடையை உருட்டுங்கள். ஆனால் உருட்டுவதற்கு முன், எடை போடுபவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள்.